குழந்தைக்கு ஆன்டிபயாடிக் சிரப்: வீட்டில் நடக்கும் தவறுகள்

என் மகளுக்கு இரண்டு வயதில் காதில் சீழ் பிடித்தது. டாக்டர் ஆன்டிபயாடிக் சிரப் எழுதிக் கொடுத்தார். பவுடர் இருந்த பாட்டிலில் கோடு வரைக்கும் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றி, நாலு குலுக்கு குலுக்கிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். மூன்றாம் நாள் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால் அடியில் பவுடர் கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு நாளாக அவள் குடித்ததில் மருந்து எவ்வளவு, இனிப்புத் தண்ணீர் எவ்வளவு, யாருக்குத் தெரியும்?

டாக்டர் சரியான மருந்தைத்தான் எழுதினார். கோட்டைவிட்டது நான்.

அதனால் கலப்பதிலிருந்தே தொடங்குகிறேன். தண்ணீர் ஊற்றும் முன் பாட்டிலைத் தட்டிப் பவுடரை உதிர்த்துக்கொள்ள வேண்டும். காய்ச்சி முழுக்க ஆறிய தண்ணீர்தான் வேண்டும். சுடுதண்ணீர் மருந்தைக் கெடுக்கும். பாதியளவு ஊற்றி, மூடி, கட்டி கரையும்வரை குலுக்கி, அப்புறம் மீதியை ஊற்றுங்கள். நுரை அடங்கியதும் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். அப்போது இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கோட்டைத் தொட வைக்க வேண்டும். நுரையைக் கணக்கில் சேர்த்து நிறுத்திவிட்டால் மருந்து கெட்டியாகிவிடும். பாட்டிலோடு தண்ணீர்க் குப்பியும் தந்திருந்தால் அதை முழுவதும் ஊற்றினால் போதும், வேறு தண்ணீர் வேண்டாம்.

கலந்த தேதியை லேபிளிலேயே எழுதிவிடுங்கள். சில சிரப்புகள் 7 நாள்தான் தாங்கும், சில 14 நாள். சிலவற்றை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், சிலவற்றுக்குத் தேவையில்லை. லேபிளைப் படித்தால் தெரிந்துவிடும். இன்னொன்று, ஒவ்வொரு வேளையும் குலுக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். மருந்து அடியில் படிவதால், குலுக்காத பாட்டிலில் முதல் நாட்களில் நீர்த்த மருந்தும் கடைசி நாட்களில் கெட்டி மருந்தும் கிடைக்கும்.

அளவில் நடக்கும் தவறு இதைவிட மோசம். ஒரே மருந்து, 5 மி.லி.க்கு 125 மி.கி. என்றும் 250 மி.கி. என்றும் இரண்டு வீரியத்தில் வரும். பெட்டியும் நிறமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். “போன தடவை 5 மி.லி. தானே கொடுத்தோம்” என்று ஊற்றினால் இரட்டிப்பாகவோ பாதியாகவோ போய்விடும். குழந்தையின் எடையைப் பார்த்துத்தான் அளவு போடுகிறார்கள். ஆகவே ஆறு மாதத்துக்கு முந்தைய சீட்டும், அண்ணனுக்கு வாங்கியதில் மிஞ்சிய பாட்டிலும் தம்பிக்கு உதவாது. சமையலறை ஸ்பூனும் வேண்டாம், அது வீட்டுக்கு வீடு வேறு அளவு. ஊசியில்லாத சிரிஞ்சோ பாட்டிலோடு வரும் அளவு மூடியோ போதும்.

படுக்கவைத்து, மூக்கைப் பிடித்து ஊற்றாதீர்கள், புரையேறும். நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தின் உள்பக்கமாகச் சிறிது சிறிதாக விடுங்கள். பால் புட்டியில் கலந்துவிடுவது சுலபம்தான். ஆனால் குழந்தை பாதிப் பாலோடு திரும்பிப் படுத்துக்கொண்டால் பாதி மருந்தும் போச்சு. கொடுத்து அரை மணி நேரத்துக்குள் வாந்தியெடுத்தால் பொதுவாக அதே அளவைத் திரும்பக் கொடுக்கச் சொல்வார்கள், அதற்குப் பிறகு என்றால் வேண்டாம். திரும்பத் திரும்ப வாந்தி என்றால் டாக்டரைக் கூப்பிட்டுவிடுங்கள். ஒரு வேளை மறந்துபோனால் நினைவு வந்ததும் கொடுக்கலாம்; அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது.

எத்தனை நாள்? இங்கே ஒரு சின்னக் கணக்கு. தினம் இரண்டு வேளை 5 மி.லி., ஐந்து நாள் என்றால் 50 மி.லி. வேண்டும். வாங்கியது 30 மி.லி. பாட்டில் என்றால் மூன்றாம் நாளோடு தீர்ந்துவிடும். அதற்குள் காய்ச்சலும் விட்டிருக்கும், இன்னொரு பாட்டில் எதற்கு என்று தோன்றும். பல வீடுகளில் மருந்து நிற்பது இப்படித்தான். முதல் நாளே கணக்குப் போட்டு இரண்டாவதையும் வாங்கிவிடுங்கள், ஆனால் தேவைப்படும் அன்றுதான் கலக்க வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைப் புண்ணுக்குப் பெனிசிலின் வகை மருந்தை வழக்கமாக 10 நாள் கொடுப்பது, பின்னால் இதயத்தைப் பாதிக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வராமலிருக்க. சில தொற்றுகளுக்கு ஐந்து நாளே போதும். குறைப்பது மட்டுமில்லை, நாமாக நீட்டுவதும் தவறுதான். இரண்டு மூன்று நாள் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் மறுபடி டாக்டரிடம் காட்டுங்கள். அளவைக் கூட்டிப் பார்க்காதீர்கள்.

சாதாரணச் சளி, ஃப்ளூ, பெரும்பாலான தொண்டை வலி எல்லாம் வைரஸால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. சளி பச்சையாகிவிட்டது என்பதும் பாக்டீரியாவுக்கு அத்தாட்சி இல்லை. டாக்டர் எழுதவில்லை என்றால் அவரை நச்சரிக்காமல் வந்துவிடலாம்.

லேசான வயிற்றுப்போக்கு வருவது சகஜம். தண்ணீர் நிறையக் கொடுத்துக்கொண்டு மருந்தைத் தொடரலாம். மலத்தில் ரத்தம் கண்டாலோ குழந்தை துவண்டுபோனாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும். உதடு, முகம் வீங்குவது, மூச்சுத் திணறல், உடம்பெங்கும் திடீரென்று தடிப்பு என்றால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு நேரே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். ஆனால் பெனிசிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் கொடுத்த ஐந்தாறு நாளில் மெல்லிய சிவப்புப் புள்ளிகள் வந்தால் அது அலர்ஜியாக இல்லாமலும் இருக்கலாம். நாமே “இவனுக்குப் பெனிசிலின் ஆகாது” என்று முடிவுகட்டிவிட்டால், அந்த முத்திரை வளர்ந்த பிறகும் அவனை விடாது. நல்ல மருந்து ஒன்று காரணமில்லாமல் கைநழுவிப் போகும். புள்ளிகளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மருந்து, எத்தனையாவது நாள், கடைசி வேளை கொடுத்து எவ்வளவு நேரத்தில் வந்தது என்பதையும் எழுதி, அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.