தரவுக் கட்டுரை: சறுக்குவது எங்கே?

அமெரிக்காவின் அரிசோனாவில் பிமா பழங்குடிப் பெண்கள் 768 பேரிடம் எடுத்த நீரிழிவுத் தரவு ஒன்று உண்டு. இயந்திரக் கற்றல் படித்தவர்கள் ஒரு தடவையாவது அதைத் திறந்திருப்பார்கள். அதில் 35 பெண்களின் இரத்த அழுத்தம் 0. இன்சுலின் 0 என்று இருப்பவர்கள் 374 பேர், ஏறக்குறையப் பாதி. உயிரோடு இருக்கிற யாருக்கும் இரத்த அழுத்தம் 0 வராது. அளக்காமல் விட்ட இடத்தில் 0 போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அது தெரியாமல் அந்தத் தரவின் சராசரியை எடுத்துக்கொண்டு போனவர்கள் ஏராளம்.

தரவுக் கட்டுரை, அதாவது வெளியிடும் தரவுக் கோப்பை விவரிக்கிற கட்டுரை, எழுதுகிறவர்கள் மறப்பது இதைத்தான். கோப்பைத் திறக்கப்போகிறவருக்கு உங்களைத் தெரியாது. போன் போட்டு "இந்த 0 என்ன சார்?" என்று கேட்க முடியாது. ஆனால் நாம் செய்வது என்ன? கட்டுரையின் ஆங்கிலத்தை இரண்டு மாதம் மெருகேற்றிவிட்டு, கோப்பைக் கடைசி நாள் ராத்திரி ஏற்றுகிறோம்.

சரி, கட்டுரையிலிருந்தே ஆரம்பிப்போம். 'சயின்டிஃபிக் டேட்டா', 'டேட்டா இன் ப்ரீஃப்' போன்ற ஆய்விதழ்களுக்கு உங்கள் கண்டுபிடிப்பு வேண்டாம். தரவை எப்படித் திரட்டினீர்கள், எதில் என்ன இருக்கிறது, அதை ஏன் நம்பலாம் என்று சொன்னால் போதும். வழக்கமான ஆய்வுக் கட்டுரையைச் சுருக்கி "இதனால் நிரூபணமாவது" என்று முடித்து அனுப்பினால், பெரும்பாலும் ஆசிரியர் மேசையிலேயே திரும்பிவிடும்.

"ஏன் நம்பலாம்" என்ற பகுதியில்தான் பலரும் வழுக்குகிறார்கள். "இந்தத் தரவில் பயிற்சி பெற்ற எங்கள் கணினி மாதிரி 98% துல்லியம் காட்டியது" என்று எழுதுவார்கள். அது மாதிரிக்குக் கொடுத்த சான்றிதழ், தரவுக்கு அல்ல. தவறான குறிகளையும் (ஒவ்வொரு பதிவுக்கும் ஆட்கள் இடும் வகைப்பெயர்) ஒரு கணினி மாதிரி அழகாகக் கற்றுக்கொள்ளும். இரண்டு பேர் தனித்தனியாகக் குறியிட்டார்களா, எவ்வளவு ஒத்துப்போனது, ஒத்துப்போகாதவற்றை யார் தீர்த்தார்கள் என்று எழுதுங்கள். கருவியால் அளந்தது என்றால், அதை எப்போது அளவுதிருத்தம் செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

இனி கோப்பு. எக்செல் உதவி செய்கிறேன் பேர்வழி என்று செய்கிற வேலைகள் கொஞ்சநஞ்சமல்ல. 'செப்ட்2', 'மார்ச்1' போன்ற மரபணுப் பெயர்களை ஆங்கிலத்தில் அடித்தால் அது தேதியாக்கிவிடும். எக்செல்லில் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வு சொன்னது. கடைசியில் மென்பொருள் மாறுவதற்கு முன்னால் மரபணுக்கள் பெயரை மாற்றிக்கொண்டன. 2020-இல் பெயரிடும் குழு அவற்றை 'செப்டின்2', 'மார்ச்எஃப்1' என்று ஆக்கியது.

தமிழ்த் தரவு என்றால் இன்னொரு தொல்லை. யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் உள்ள சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பை விண்டோஸ் எக்செல்லில் இரட்டைச் சொடுக்கித் திறந்தால், பல நேரம் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் கொக்கி போட்ட லத்தீன் எழுத்துகளாக வரும். அதை அப்படியே சேமித்துத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். அதைவிட நுட்பமானது ஒன்று: 'கொ' என்ற எழுத்தில் வருகிற ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோல்தான் இருக்கும். ஆனால் 'கொடி' என்று தேடினால் பாதி கிடைக்கும், பாதி கிடைக்காது. சொல் எண்ணிக்கையும் தப்பும். வெளியிடும் முன் கோப்பு முழுவதையும் என்எஃப்சி என்ற, இப்படிப்பட்ட குறிகளை ஒரே குறியெண்ணாக்கும் யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டு, அதைக் கட்டுரையில் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

அட்டவணையின் பத்தித் தலைப்பில் அலகு இல்லாமல் விடுவது, 03/04 என்று தேதி போட்டு மார்ச்சா ஏப்ரலா என்று தவிக்கவிடுவது எல்லாம் தெரிந்த கதைதான். கவனிக்கப்படாத ஒன்றைச் சொல்கிறேன். 2018-இல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இப்போது 38. பத்தாண்டுத் தரவில் 'திருநெல்வேலி' என்ற ஒரே பெயர் இருந்தால், தென்காசி பிரிந்த பிறகு எண்கள் திடீரென்று விழும். வெளியூர்க்காரர் அதைப் பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொள்வார்.

பெயரை அழித்துவிட்டால் அடையாளம் போய்விட்டது என்று நம்புவதுதான் என் கணக்கில் மிக மோசமான தவறு. அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றை வைத்தே அமெரிக்கர்களில் 87% பேரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று கணினி அறிவியலாளர் லதான்யா ஸ்வீனி 2000-இல் கணக்கிட்டுக் காட்டினார். நம் ஊரில் அவ்வளவுகூட வேண்டாம். ஊர் பெயர் ஒரு பத்தியில், தொழில் 'கிராம நிர்வாக அலுவலர்' என்று அடுத்த பத்தியில் இருந்தால் போதும். அந்த ஊர் டீக்கடையில் கேட்டாலே ஆள் யாரென்று சொல்லிவிடுவார்கள். அப்புறம், ஒப்புதல் படிவத்தில் "ஆய்வுக் குழு மட்டுமே பார்க்கும்" என்று கையெழுத்து வாங்கியிருந்தால், அந்தத் தரவைப் பொதுவில் வைக்க உங்களுக்கு வழியே இல்லை. படிவத்தை முதல் நாளே சரியாக எழுத வேண்டும்.

உரிமமும் இதே கதைதான். செய்தித் தளங்களிலிருந்து அள்ளி வந்த செய்திகளை சிசி-பை (பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமம்) என்று போட்டு வெளியிடுகிறார்கள். கையில் இல்லாத உரிமையை எப்படி அடுத்தவருக்குக் கொடுப்பது?

எண்களையும் ஒத்துப்பாருங்கள். புள்ளியியலாளர் ஃபிஷர் 1936-இல் வெளியிட்ட ஐரிஸ் பூ அட்டவணையில் மொத்தமே 150 வரிசைகள். அப்படியும் யுசிஐ என்ற இயந்திரக் கற்றல் தரவுக் களஞ்சியத்தில் உலகமே இறக்கிப் பயன்படுத்திய படியில் 35-ஆவது, 38-ஆவது வரிசைகள் மூலத்தோடு ஒத்துப்போகவில்லை. என் முதல் கட்டுரையிலும் சுருக்கத்தில் ஓர் எண், கோப்பில் அதைவிடப் பதினாறு குறைவு. இரட்டைப் பதிவுகளை நீக்கிய நான், சுருக்கத்தைத் திருத்தவில்லை. மதிப்பாய்வாளர் வேறெதுவும் கேட்கவில்லை. "அந்தப் பதினாறு எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

கோப்பை கூகுள் டிரைவில் வைத்துவிட்டு இணைப்பைக் கொடுக்காதீர்கள். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் ஸெனோடோ போன்ற களஞ்சியத்தில் இலவசமாகவே டிஓஐ, அதாவது கோப்புக்கான நிரந்தர அடையாள எண், கிடைக்கும். வெளியிடும் முன்பே எண்ணை ஒதுக்கி வாங்கிக் கட்டுரையில் சேர்க்கலாம். ஆனால் அங்கே ஒவ்வொரு பதிப்புக்கும் தனி டிஓஐ. மதிப்பாய்வாளர் சொன்ன திருத்தங்களைச் செய்து புதிய பதிப்பை ஏற்றியிருப்பீர்கள், கட்டுரையில் பழைய பதிப்பின் எண்ணே உட்கார்ந்திருக்கும். அச்சுப்படி கைக்கு வரும்போது முதலில் அந்த எண்ணைச் சொடுக்கி, எந்தக் கோப்பு திறக்கிறது என்று பாருங்கள்.