சுங்குடிக் கடைக்கு வெப்சைட்: முதலில் கவனிக்க வேண்டியவை

டொமைனை (வெப்சைட் முகவரியை) கடைக்காரர் பெயரிலேயே, அவருடைய ஈமெயிலில் பதிவு செய்யுங்கள். வெப்சைட் செய்து தரும் உங்கள் பெயரில் எடுத்தால், நாளைக்கு அவர் வேறு ஆளிடம் போகும்போது வீண் தகராறு.

மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு உண்டு; முகப்பிலேயே சொல்லிவிடலாம். ஆனால் சேலையை விற்பது படம்தான். ஃபிளாஷ் வேண்டாம், சாயம் வெளிறித் தெரியும். காலை வெளிச்சம் விழும் ஜன்னலோரம் முந்தானையை விரித்து, முடிச்சுப் புள்ளி ஒவ்வொன்றும் தெரிகிற மாதிரி ஒரு நெருக்கப் படம், முழுச்சேலைக்கு ஒன்று. 1200 பிக்சல் அகலம், வெப்பி (WebP) ஃபார்மட், 150 கேபிக்குள். ரொம்பவும் அமுக்கினால் புள்ளிகள் கலங்கிவிடும். அப்புறம் பிரிண்ட் சேலைக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது.

அதிகம் சறுக்குவது எழுத்தில். அச்சகத்தில் அடித்த நோட்டீஸின் ஃபைலைக் கொடுப்பார்கள். அது பெரும்பாலும் பாமினி, அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு. அப்படியே ஒட்டினால் 'அம்மா' என்பது ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும். எல்லாக் கருவியிலும் தெரியும் பொது முறையான யூனிகோடுக்கு மாற்றி, ஒற்றெழுத்துகளை ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். வரி இடைவெளி 1.6 வையுங்கள், குறைத்தால் மேல் வரியில் கீழே இறங்கும் சுழியும் கீழ் வரியின் மேல்புள்ளியும் முட்டும்.

வாட்ஸ்அப் லிங்க்கில் wa.me/ என்பதற்குப் பின் இந்தியாவின் குறியீடு 91, உடனே பத்து இலக்க எண். கூட்டல் குறி, இடைவெளி, முன்னால் பூஜ்யம் எதுவும் கூடாது.