நியூ இங்கிலாந்துப் பேரேடுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் இருக்கும் மாசசூசெட்ஸில் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஆங்கிலக் குடியேறிகளின் பழைய கணக்குப் பேரேடுகளைப் பெயர்த்தெழுதும் தன்னார்வக் குழு ஒன்றில் சில வருடங்களாக இருக்கிறேன். கொல்லர், நெசவாளி, தோல் பதனிடுபவர், பீப்பாய் செய்பவர் என்று ஒரு விவசாய ஊரில் யார் யாருக்கு என்ன செய்துகொடுத்தார்கள், பதிலுக்கு என்ன வாங்கிக்கொண்டார்கள் என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. இந்த வருடம் புதிதாக வந்தவர்கள், முதல் வருடத்தில் நான் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். நீட்டி எழுதிய எஸ்ஸை எஃப் என்று படிப்பது, 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்பதை மறந்து கூட்டுவது போன்றவை ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடைத்தெருவைத் தேடுவது

அன்றைய விவசாய ஊரில் கடைத்தெரு கிடையாது. கொல்லரும் விவசாயிதான். காலையில் லாடம் அடித்தவர் மாலையில் தன் வயலில் நிற்பார். அட்டவணையில் 'கொல்லர்' என்று ஒரே சொல்லில் போட்டுவிட்டால் அவருடைய வருடத்தில் பாதி காணாமல் போய்விடும்.

ஊரே முன்னின்று செய்துகொண்ட சேவை என்றால் தானிய மில்தான். 1636-இல் உருவான டெடாம் என்ற ஊரில் மில் சக்கரத்தைச் சுழற்றும் வேகத்தில் தண்ணீர் இல்லை. 1639-இல் சார்லஸ் ஆற்றிலிருந்து கால்வாய் வெட்ட முடிவுசெய்தார்கள். 1641-இல் மில் ஓடியது. மதர் புரூக் என்ற அந்தக் கால்வாயில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. அரவைக்கூலி, அரைக்கும் தானியத்தில் 16-இல் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று மாசசூசெட்ஸின் 1648 சட்டத்தொகுப்பு சொல்கிறது. கூலியை மூட்டையிலேயே எடுத்துக்கொண்டால் எழுதிவைக்கக் கடன் ஏது? ஆகவே பேரேட்டில் மில் வரவில்லை என்பதால் ஊரில் மில் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

பவுண்டைப் பவுண்டு என்றே படிப்பது

இது இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு.

1730-களில் தொடங்கி 1750-கள் வரை ஓடும் ஒரு கொல்லரின் பேரேடு என்னிடம் வந்தது. குதிரைக்கு லாடம் அடித்த கூலியை வருடவாரியாக எடுத்து வரைபடம் போட்டேன். கூலி ஏறிக்கொண்டே போனது. 1750-இல் திடீரென்று பாதாளத்துக்கு இறங்கியது. போர்க்காலத்தில் நன்றாகச் சம்பாதித்தவர் பிறகு நொடித்துப்போனார் என்று எழுதினேன். உடம்புக்கு முடியாமல் போயிருக்குமா, ஊருக்கு இன்னொரு கொல்லர் வந்திருப்பாரா என்று தேவாலயப் பதிவுகள் வரை தேடினேன். இரண்டு மாதம் போனது. குழுவில் மூத்தவர் ஒருவர் பக்கத்தைத் திருப்பி, ஓரத்தில் இருந்த இரண்டு எழுத்துகளைத் தொட்டுக் காட்டினார். அதுவரை 'ஓ.டி.', அதற்குப் பிறகு 'எல்.எம்.'. முன்னது பழைய காகிதப் பணம், பின்னது சட்டப்படியான வெள்ளிக் கணக்கு.

மாசசூசெட்ஸ் 1690-இல் காகிதப் பணம் வெளியிட்டது. அடுத்தடுத்து அச்சடிக்க அடிக்க அதன் மதிப்பு சரிந்தது. சட்டக் கணக்கில் 6 ஷில்லிங் பெறும் ஸ்பானிய வெள்ளி டாலருக்கு, 1749 வாக்கில் 45 ஷில்லிங் காகிதப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. லூயிஸ்பர்க் என்ற பிரெஞ்சுக் கோட்டை மீதான படையெடுப்புச் செலவுக்கு ஈடாக பிரிட்டன் அனுப்பிய வெள்ளியைக் கொண்டு 1750-இல் காகிதத்தைத் திரும்பப் பெற ஆரம்பித்தார்கள். கணக்கு ஏழரையில் ஒரு பங்காகச் சுருங்கியது. என் கொல்லர் நொடித்துப்போகவே இல்லை. அதே உலையில் அதே லாடத்தைத்தான் அடித்துக்கொண்டிருந்தார்.

லண்டன் பவுண்டு இன்னும் வேறு. அங்கே அதே டாலருக்கு 4 ஷில்லிங் 6 பென்னிதான்.

காகிதத்தைத் தாண்டினாலும் சிக்கல் தீராது. 1704-இல் சாரா கெம்பிள் நைட் என்ற பெண்மணி பாஸ்டனிலிருந்து நியூயார்க்குக்குக் குதிரையில் போனார். கனெக்டிகட்டில் வியாபாரி விலையைச் சொல்லும் முன் எதில் கொடுக்கப்போகிறீர்கள் என்று கேட்பதைக் குறித்துவைத்திருக்கிறார். வெள்ளிக்காசு என்றால் 6 பென்னிக்குக் கிடைக்கும் கத்தி, சட்டசபை நிர்ணயித்த விலையில் தானியமோ இறைச்சியோ கொடுத்தால் 12 பென்னி. அந்தச் சரக்கையே மூன்றில் ஒரு பங்கு விலை குறைத்துக் கொடுத்தால் 8 பென்னி. ஒரே கத்திக்கு மூன்று விலை.

இது தெரியாமல் இந்த வருடமும் ஒருவர் பேரேட்டுத் தொகையை இணையக் கணிப்பானில் போட்டு, இன்றைய டாலரில் அந்தக் கொல்லரின் வருமானம் இவ்வளவு என்று கொண்டுவந்தார். நல்ல உழைப்பாளி, அதனால்தான் மனம் பொறுக்கவில்லை.

உங்கள் அட்டவணையில் தொகைக்குப் பக்கத்தில் 'எந்தப் பணம்' என்று ஒரு பத்தி போடுங்கள். தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுதுங்கள், காலியாக விடாதீர்கள். கூலி உயர்ந்ததா என்று பார்க்க, அதே பேரேட்டில் அதே வருடம் ஒரு நாள் புல்லறுக்க என்ன கூலி என்று எடுங்கள். எத்தனை நாள் புல்லறுப்புக்கு ஒரு லாடம் என்ற கணக்கை நம்பலாம்.

கார்ன்

பேரேட்டில் 'கார்ன்' என்றால் மக்காச்சோளம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தத் தானியமும் கார்ன்தான். மக்காச்சோளம் 'இந்தியன்' என்று வரும்.

பிப்ரவரி

1751 வரை ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். ஆகவே பேரேட்டில் 1720 பிப்ரவரி, 1720 ஏப்ரலுக்குப் பின்னால் வரும்.

மனைவியை விட்டுவிடுவது

மணமான பெண்ணுக்குச் சட்டப்படி தனிக் கணக்கு இல்லை. அவர் நூற்ற நூலும் கடைந்த வெண்ணெயும் கணவர் பெயருக்குக் கீழே வரவாகும். 'உன் மனைவி நூற்றது' என்ற சிறு குறிப்பு மட்டும் சில வரிகளில் இருக்கும். அட்டவணைக்குச் சுருக்கும்போது முதலில் உதிர்வது அதுதான். ஒரு முழுப் பேரேட்டில் அதை உதிர்த்துவிட்டு, மறுபடி முதல் பக்கத்திலிருந்து உட்கார்ந்தேன். அந்தச் சொற்களை அப்படியே எழுதுங்கள்.

நம் களத்துமேடாக நினைப்பது

அறுவடை முடிந்ததும் களத்தில் கொல்லருக்கும் நாவிதருக்கும் நெல் அளந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் பழகியதாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது. நம் களத்தில் அது பிறப்போடு வந்த உறவு, வருடத்துக்கு இவ்வளவு என்று அளவு. இந்தப் பேரேடுகளில் கொழு தீட்டியதற்குக்கூடத் தனி விலை எழுதி, பல வருடம் அப்படியே ஓடவிட்டு, ஒருநாள் இருவரும் உட்கார்ந்து நேர்செய்து கையெழுத்திடுவார்கள். சிலர் 'உலகம் தோன்றிய நாள் முதல் இன்றுவரை' எல்லாம் தீர்ந்தது என்றே எழுதுவார்கள். அந்தத் தேதியைக் கூலி கொடுத்த தேதியாக அட்டவணையில் ஏற்றாதீர்கள். அது கணக்குப் பார்த்த நாள் மட்டுமே.