புதிய மைன்கிராஃப்ட் சர்வர்: எந்த ஆட்ட முறையில் திறப்பது?

சர்வர் ஓடுகிறது, 25565 போர்ட் திறந்தாகிவிட்டது, யூலா (பயன்பாட்டு ஒப்பந்தம்) கோப்பில் ட்ரூ என்று மாற்றியாகிவிட்டது. இதுவரைக்கும் வழிகாட்டும் பதிவுகள் ஏராளம். அடுத்து என்ன ஆடப் போகிறோம் என்ற கேள்விக்கு வந்தால் எல்லோரும் 'உங்கள் விருப்பம்' என்று சொல்லிவிட்டு நழுவிவிடுகிறார்கள். விருப்பம் மட்டும் போதாது. ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருப்பார்கள் என்பதுதான் பாதி முடிவை எடுத்துக்கொடுக்கும்.

இது ஜாவா பதிப்புக்கான விளக்கம். கட்டளைகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கன்சோலில் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். ப்ளக்இன் (சர்வருக்குக் கூடுதல் வசதி தரும் துணைநிரல்) போட உதவும் பேப்பர் என்ற சர்வர் மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். ப்ளக்இன் எதுவும் வேண்டாம், எதுவும் சேர்க்காத மூல ஆட்டமான வெனிலாதான் வேண்டும் என்பவர்களுக்கு 2, 3, 4 படிகளின் பெரும்பகுதி போதும். மோட் (ஆட்டத்தையே மாற்றும் சேர்க்கை) போட்டு ஆடுபவர்கள் ஃபேப்ரிக் பக்கம் போகலாம், அது தனிக் கதை.

படி 1: ஆள் கணக்கு

'ஆட்ட முறை' என்று இரண்டு விஷயங்களைச் சொல்கிறோம். சர்வைவல் (பொருள் சேர்த்துப் பிழைப்பது), கிரியேட்டிவ் (எல்லாப் பொருளும் கிடைக்கும், பறக்கலாம்), அட்வென்ச்சர் (கட்டிகளை உடைக்கவோ வைக்கவோ முடியாது), ஸ்பெக்டேட்டர் (வேடிக்கை மட்டும்) என்ற நான்கும் மைன்கிராஃப்டுக்குள்ளேயே இருப்பவை. ஸ்கைபிளாக், ஃபேக்ஷன்ஸ், பெட்வார்ஸ், ப்ரிசன் எல்லாம் ப்ளக்இன்களை வைத்து அந்த நான்கின் மேல் கட்டியவை. புதிதாகச் சர்வர் திறப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வகையைப் பார்த்துத்தான் ஆசைப்படுகிறார்கள், ஏனென்றால் பெரிய சர்வர்களில் ஆடிப் பழகியது அதுதான்.

பெட்வார்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு அணி, அணிக்கு நான்கு பேர் என்றால் ஒரு ஆட்டம் தொடங்கவே 16 பேர் வேண்டும். அதுவும் ஒரே நேரத்தில், ஒரே மூச்சில். உள்ளே வருகிறவர் காத்திருப்பு அறையில் தனியாக நின்று பார்ப்பார், இரண்டு நிமிடத்தில் வெளியேறிவிடுவார். அடுத்து வருகிறவருக்கும் அதே கதி. ஆள் இல்லாததால் ஆள் சேராது. ஃபேக்ஷன்ஸும் அப்படித்தான், கொள்ளையடிக்க எதிரிக் கூட்டம் வேண்டும், அந்தக் கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டம் வேண்டும்.

சர்வைவலில் இந்தத் தொல்லை இல்லை. ஒருவர் மட்டும் உள்ளே இருந்தாலும் சுரங்கம் தோண்டுவார், வீடு கட்டுவார். நாளைக்கு வருகிறவர் அந்த வீட்டைப் பார்ப்பார். ஸ்கைபிளாக்கும் குறைந்த ஆட்களுக்குத் தாங்கும், ஆளுக்கொரு தீவு என்பதால். அதற்கு பென்ட்டோபாக்ஸ் நல்ல ப்ளக்இன்.

என் தீர்ப்பு: நண்பர்கள், உறவுப் பிள்ளைகள் என்று ஏழெட்டுப் பேர்தான் என்றால் சர்வைவல். வேறு யோசனையே வேண்டாம். கட்டடம் கட்டுவதற்காகவே கூடுகிற குழு என்றால் கிரியேட்டிவ். ஹார்ட்கோர் என்பது தனி ஆட்ட முறை என்று பலர் நினைக்கிறார்கள். அது சர்வைவலின் மேல் போடும் ஒரு சுவிட்ச். போட்டால் கடினநிலை தானாக ஹார்ட் ஆகிவிடும், செத்தவர் ஸ்பெக்டேட்டராக மாறி மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். முதல் நாளே க்ரீப்பர் வெடித்துச் செத்த பத்து வயதுப் பையனிடம் இதை விளக்கிப் பாருங்கள், தெரியும். ஹார்ட்கோர்தான் வேண்டுமென்றால் உலகம் உருவாகும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

படி 2: கோப்பில் எழுதுவது

சர்வரை நிறுத்துங்கள். சர்வர்.ப்ராபர்ட்டீஸ் கோப்பைத் திறந்து கேம்மோட் என்ற வரியில் சர்வைவல் என்று வையுங்கள் (முதலிலேயே அப்படித்தான் இருக்கும்). சேமித்து மறுபடி ஓடவிடுங்கள். அவ்வளவுதான்.

படி 3: மாற்றியும் மாறாத ஆட்ட முறை

பலரும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது, நானும்தான். முதலில் கிரியேட்டிவில் திறந்து நாலு பேர் உள்ளே வந்து போயிருப்பார்கள். அப்புறம் மனம் மாறி சர்வைவல் என்று எழுதி சர்வரை மறுபடி தொடங்குவீர்கள். பார்த்தால் பழைய ஆட்கள் இன்னும் பறந்துகொண்டிருப்பார்கள். கோப்பைத் திறந்தால் சர்வைவல் என்றுதான் இருக்கும். கோப்பு தவறா, சர்வர் தவறா என்று தெரியாமல் நேரம் போய்விடும்.

காரணம் எளிது. ஒவ்வொரு ஆட்டக்காரருடைய ஆட்ட முறையும் அவருக்கென்று உலகக் கோப்புறைக்குள் இருக்கும் தனிக் கோப்பில் பதிவாகிறது. அவர் சாமான்கள், நின்ற இடம், உயிர் அளவு எல்லாம் இருக்கும் அதே கோப்பு. கேம்மோட் வரி முதன்முறை வருகிற புது ஆளுக்கு மட்டும்தான் செல்லும். பழைய ஆளுக்குச் சர்வர் அவருடைய பழைய பதிவைத்தான் படிக்கும்.

இதற்குத்தான் ஃபோர்ஸ்-கேம்மோட் என்ற வரி இருக்கிறது. அதை ட்ரூ ஆக்கினால் யார் நுழைந்தாலும் கோப்பில் எழுதிய ஆட்ட முறைக்கே தள்ளப்படுவார்கள். நீங்களும் சேர்த்துத்தான்! நிர்வாகி கிரியேட்டிவுக்கு மாறி ஏதோ கட்டிக்கொண்டிருக்கும்போது இணையம் துண்டித்து மறுபடி வந்தால் சர்வைவலில்தான் வருவார். உயரத்தில் பறந்துகொண்டிருந்தவர் என்றால் சாமான்கள் தரையில் சிதறும்.

ஆகவே நான் சொல்லும் வழி: ட்ரூ ஆக்குங்கள், எல்லோரும் ஒருமுறை உள்ளே வந்து போகும் வரை விடுங்கள், அப்புறம் ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள். ஒருமுறை நுழைந்ததும் அவரவர் கோப்பில் சர்வைவல் என்று பதிவாகிவிடும், பிறகு கட்டாயப்படுத்தத் தேவையில்லை.

கன்சோலில் கேம்மோட் கட்டளையால் எல்லோரையும் ஒரே அடியாக மாற்றலாமே என்றால், மாற்றலாம். ஆனால் அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் மட்டும்தான் மாறுவார்கள். டீஃபால்ட்கேம்மோட் கட்டளை இன்னும் ஏமாற்றும். தட்டியதும் வேலை செய்தது போலிருக்கும், சர்வர் மறுபடி தொடங்கும்போது ப்ராபர்ட்டீஸ் கோப்பில் இருப்பதே திரும்ப ஏறிவிடும். கோப்பைத் திருத்துவதுதான் நிலைக்கும்.

இன்னொன்று. ஆட்ட முறை மாறினாலும் கையிலிருக்கும் பொருள்கள் போகாது. கிரியேட்டிவில் அள்ளிய வைரக் கட்டிகளோடு ஒருவர் சர்வைவலுக்கு வந்தால் மற்றவர்களுக்கு ஆட்டமே கசந்துவிடும். க்ளியர் கட்டளை பையைக் காலி செய்யும். ஆளுக்கொரு தனிச் சேமிப்பான எண்டர் பெட்டியைத் தொடாது. விவரம் தெரிந்தவர்கள் அங்கேதான் பதுக்கி வைத்திருப்பார்கள். பெரும் மாற்றம் என்றால் பழைய உலகத்தைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மேல்.

படி 4: கடினநிலையும் விதிகளும்

புதுச் சர்வரில் கடினநிலை ஈஸி என்று இருக்கும். நான் நார்மலில் வைக்கச் சொல்வேன். ஈஸியில் பட்டினி கிடந்தால் உயிர் ஐந்து இதயத்தோடு நின்றுவிடும், நார்மலில் அரை இதயம் வரை இறங்கும், ஹார்டில் ஆளே காலி. கிராமத்தாரை ஸாம்பி கடித்துக் கொன்றால் ஈஸியில் அவர்கள் ஸாம்பியாக மாறுவதில்லை, நார்மலில் பாதிக்குப் பாதி, ஹார்டில் நிச்சயம் மாறுவார்கள். வியாபாரத்தை நம்பி ஆடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். மாறிய ஸாம்பியைக் குணப்படுத்தினால் விலை குறையும் என்பதால் ஹார்டை வேண்டுமென்றே கேட்பவர்களும் உண்டு.

கேம்ரூல் கட்டளையால் மாற்றும் விதிகளில் மூன்று போதும். கீப்இன்வென்ட்டரி (செத்தாலும் பொருள்கள் கையிலேயே இருக்கும்): சிறுவர்கள் இருந்தால் ட்ரூ. ப்ளேயர்ஸ்ஸ்லீப்பிங்பர்சன்டேஜ்: 1.17 முதல் இருக்கிறது, 1 என்று வைத்தால் ஒருவர் தூங்கினாலே இரவு கடந்துவிடும். இது இல்லாவிட்டால் 'எல்லோரும் படுங்கப்பா' என்று தினமும் கத்த வேண்டியிருக்கும். மூன்றாவது மாப்க்ரீஃபிங், அதாவது ஆட்டத்து உயிரினங்கள் கட்டிகளை மாற்றலாமா என்பது. க்ரீப்பர் வீட்டை உடைக்கிறது என்று இதை உடனே ஃபால்ஸ் ஆக்குவார்கள். செய்யாதீர்கள். கிராமத்து விவசாயிகள் அறுவடையை நிறுத்திவிடுவார்கள்.

(பின்சேர்க்கை: ப்ராபர்ட்டீஸ் கோப்பில் பிவிபி (ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தாக்கலாமா) வரியே இல்லையே என்று சிலர் கேட்டிருந்தார்கள். 1.21.9 முதல் அது கேம்ரூல் பட்டியலுக்குப் போய்விட்டது. 1.21.11இல் விதிகளின் பெயர்களும் அடிக்கோடு போட்டுப் பிரித்த சிற்றெழுத்துகளாக மாறிவிட்டன. கேம்ரூல் என்று தட்டி டேப் விசையை அழுத்தினால் உங்கள் பதிப்பில் உள்ள பெயர் வந்துவிடும். சண்டைச் சர்வர் நடத்துபவர்கள் 1.21.6இல் வந்த லொக்கேட்டர் பாரையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் யார் எந்தத் திசையில் இருக்கிறார்கள் என்று திரையிலேயே தெரியும்.)

படி 5: ப்ளக்இன்கள்

கோர்ப்ரொடெக்ட் கட்டாயம். யார் எந்தக் கட்டியை உடைத்தார்கள், எந்தப் பெட்டியில் எடுத்தார்கள் என்று பதிவு வைத்து, வேண்டுமானால் திரும்பப் பழையபடி ஆக்கும். சேதம் நடந்த பிறகு நிறுவிப் பயனில்லை, முதல் நாளே போட வேண்டும். தெரியாதவர்களும் வரும் சர்வர் என்றால் கூடவே க்ரீஃப்ப்ரிவென்ஷன். தங்க மண்வெட்டியால் மூலைகளைத் தட்டி அவரவர் நிலத்தை அவரவரே வளைத்துக்கொள்ளலாம். அனுமதிகளுக்கு லக்பெர்ம்ஸ். நண்பன்தானே என்று எல்லோருக்கும் ஆப் (நிர்வாகி அதிகாரம்) கொடுத்துவிடாதீர்கள், ஆப் இருக்கிறவர் சர்வரையே நிறுத்தலாம்.

சர்வைவலும் கிரியேட்டிவும் இரண்டும் வேண்டும் என்றால் மல்டிவெர்ஸ் போட்டு இரண்டு உலகம் வைக்கலாம். அப்போது மல்டிவெர்ஸ்-இன்வென்ட்டரீஸும் போட வேண்டும். இல்லாவிட்டால் கிரியேட்டிவ் உலகத்துப் பை அப்படியே சர்வைவலுக்கு வந்துவிடும். மல்டிவெர்ஸ் உலகத்துக்கு ஒரு ஆட்ட முறை வைக்கும், ஃபோர்ஸ்-கேம்மோட் எல்லோருக்கும் ஒன்றே என்கும், இரண்டும் மோதும். ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள்.

படி 6: புது ஆட்களை அட்வென்ச்சரில் நிறுத்துவது

பொதுச் சர்வர்களுக்கு எனக்குப் பிடித்த உத்தி. கேம்மோட் வரியில் அட்வென்ச்சர் என்று எழுதுங்கள். புதிதாக வருகிறவர் சுற்றிப் பார்க்கலாம், பேசலாம், கட்டியை உடைக்கவோ வைக்கவோ முடியாது. பேசிப் பார்த்து நம்பிக்கை வந்ததும் சர்வைவலுக்கு மாற்றுங்கள். ஃபோர்ஸ்-கேம்மோட் இங்கே கட்டாயம் ஃபால்ஸாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏற்றிவிட்டவர் ஒவ்வொரு முறை நுழையும்போதும் மறுபடி அட்வென்ச்சரில் வந்து நிற்பார்.

(பின்சேர்க்கை: இதைச் செய்த ஒருவரின் சர்வரில் பெட்டிகள் காலியாகிவிட்டனவாம். ஆமாம், அட்வென்ச்சரில் பெட்டியைத் திறந்து எடுக்கலாம், கதவைத் திறக்கலாம், ஆடுமாடுகளை வெட்டலாம். பெட்டியும் பண்ணையும் இல்லாத இடத்தில் ஸ்பானை (புதிதாக வருகிறவர் தோன்றும் இடம்) அமையுங்கள், சுற்றி வேலி போடுங்கள். ஸ்பானைச் சுற்றிக் கட்டிகளைக் காக்கும் ஸ்பான்-ப்ரொடெக்ஷன் வரி 16 என்று இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஆப் யாருமே இல்லாத சர்வரில் அது இயங்காது.)

தெரிந்தவர்கள் மட்டும் என்றால் இந்த வித்தையெல்லாம் வேண்டாம், அனுமதித்த பெயர்களை மட்டும் உள்ளே விடும் ஒயிட்லிஸ்ட் போதும். கைபேசியில் பெட்ராக் பதிப்பை ஆடும் பிள்ளைகள் கைசர், ஃப்ளட்கேட் என்ற ப்ளக்இன்கள் வழியாக வருகிறார்கள் என்றால் அவர்கள் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி சேர்ந்திருக்கும், சாதாரண ஒயிட்லிஸ்ட் கட்டளையில் வெறும் பெயரைச் சேர்த்தால் உள்ளே விடாது. அவர்களை எஃப்ஒயிட்லிஸ்ட் கட்டளையால் சேருங்கள்.