விண்டோஸ் 11 24எச்2 போடும் முன்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கம்ப்யூட்டர் பார்க்கிறேன். விண்டோஸ் 11-இன் 2024 அப்டேட்டான 24எச்2 போடணும் என்றால் முதலில் பிரிண்டரைத்தான் கேட்பேன். டெலிவரி சலான் அடிக்கும் பழைய டாட் மேட்ரிக்ஸுக்கு டிரைவர் இருக்கிறதா பாருங்கள். டேலி டேட்டாவை பென்டிரைவில் எடுத்து வையுங்கள். கோர் 2 டுவோ பிராசஸர் உள்ள பழைய பெட்டி என்றால் விட்டுவிடுங்கள், 24எச்2-க்கு வேண்டிய எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுப்பு அந்த பிராசஸரில் இல்லாததால் பூட்டே ஆகாது.

புதுசில் உருப்படியானது: பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் 7இசட், டார் ஃபைல்களை எக்ஸ்ப்ளோரரிலேயே உருவாக்கலாம். பையருக்கு டிசைன் அனுப்ப வேறு மென்பொருள் வேண்டாம்.

வேர்ட்பேட் போய்விட்டது. இன்னும் அதில்தான் லெட்டர் அடிக்கிற கணக்குப்பிள்ளைகள் உண்டுங்க, முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

24எச்2 ஒத்துவரவில்லையா? பழைய விண்டோஸுக்குத் திரும்ப செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, அப்புறம் கோ பேக். 10 நாளுக்குள் செய்ய வேண்டும். அதுவரை இடம் போதவில்லை என்று பழைய விண்டோஸ் ஃபைல்களை அழித்துவிடாதீர்கள்.