இரண்டு கார்னர்பேக்குகளை ஒப்பிடுவது எப்படி? ரெவிஸ், ஷெர்மன் இருவரை வைத்து ஒரு செய்முறை

அமெரிக்கக் கால்பந்தில் முன்னே ஓடி, எறியப்படும் பந்தைப் பிடிப்பவர் ரிசீவர்; அவரை மறிக்கும் தற்காப்பு ஆட்டக்காரர் கார்னர்பேக். ரிசீவரைக் கட்டிப்போடுவதில் டாரெல் ரெவிஸ் கெட்டிக்காரரா, ரிச்சர்ட் ஷெர்மனா? என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) பார்க்க ஆரம்பித்ததிலிருந்து எனக்குள் இருந்த கேள்வி இது. முதலில் இன்டர்செப்ஷன்களை (எதிரணி எறிந்த பந்தைப் பறித்துப் பிடிப்பது) எண்ணினேன். ரெவிஸ் 11 சீசனில் 29, ஷெர்மனும் 11 சீசனில் 37. அதை வைத்து ஷெர்மன்தான் என்று முடிவு கட்டினேன். அது தவறு என்று ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது.

படி 1: யாருக்கு என்ன வேலை?

2009இல் நியூயார்க் ஜெட்ஸ் அணி ரெவிஸை எதிரணியின் முதல்தர ரிசீவர் மேல் ஏவிவிட்டது. ராண்டி மாஸ், ஆண்ட்ரே ஜான்சன் போன்றவர்கள் எந்தப் பக்கம் போனாலும் இவரும் போவார். முழுக்க மேன் கவரேஜ், அதாவது ஒரே ஆளை ஒட்டி மறிக்கும் வேலை. சியாட்டிலில் ஷெர்மன் இடது பக்கத்தை விட்டு நகர்வதே அபூர்வம். அந்த அணி அதிகம் ஆடியது கவர் 3, அதாவது பின்களத்தை மூவர் பங்கிட்டுக் காக்கும் முறை. பின்களத்தில் மூன்றில் ஒரு பங்கு அவர் பொறுப்பு, நடுவில் எர்ல் தாமஸ். பந்தைப் பார்த்தபடி நிற்பவருக்கு இன்டர்செப்ஷன் வாய்ப்பு கூடுதல். ரிசீவரின் முதுகைத் துரத்துபவர் பல நேரம் பந்தைப் பார்ப்பதே இல்லை. இந்த வித்தியாசத்தைக் கழிக்காமல் 37ஐயும் 29ஐயும் பக்கத்தில் வைக்கக் கூடாது.

படி 2: ஆல்-22 காட்சிகளை எடுங்கள்

டிவி ஒளிபரப்பு பந்தின் பின்னால் ஓடும், கார்னர்பேக் திரைக்கு வெளியே போய்விடுவார். 22 பேரும் தெரியும் ஆல்-22 இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். குறிப்பெடுக்க ஸ்ப்ரெட்ஷீட்டை விடக் கோடு போட்ட நோட்டுதான் எனக்குப் பிடிக்கும். கண் திரையிலேயே இருக்கும்.

படி 3: எறியாத பந்துகளை எண்ணுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

2014 செப்டம்பர் 4, சியாட்டில்–கிரீன் பே ஆட்டம். கிரீன் பேயின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) ஆரன் ராட்ஜர்ஸ் ஷெர்மன் பக்கம் ஒரு பந்துகூட எறியவில்லை. எண்களின்படி ஷெர்மன் அன்று எதையுமே செய்யவில்லை. ஓக்லாந்து அணியின் கார்னர்பேக் நாம்டி அசோமுகாவும் இப்படித்தான்: 2006இல் 8 இன்டர்செப்ஷன், அடுத்த ஆண்டு 1. ஆட்டம் மோசமாகவில்லை, எறிவதை நிறுத்திவிட்டார்கள்.

அப்படியானால் எறியாத ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் (ஒவ்வொரு முறை பந்து ஆட்டத்துக்கு வருவதும் ஒரு ஸ்னாப்) மதிப்பெண் போட்டுவிடலாமா? நான் அப்படித்தான் போட்டேன், அதுவும் தவறு. அந்த ஆட்டத்தில் கிரீன் பே தன் சிறந்த ரிசீவர் ஜோர்டி நெல்சனைப் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் நிறுத்தியது. ஷெர்மனுக்கு அது பெரிய மரியாதை. ஆனால் நெல்சனை அவர் மறித்தார் என்று ஆகாது.

அதனால் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டைப் பாருங்கள். அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு வேறிடத்தில் எறிந்தால் கார்னர்பேக்குக்கு ஒரு டிக். திரும்பவே இல்லையென்றால் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். எதிரே நின்ற ரிசீவர் பெயரையும் எழுதுங்கள். அதே 2014இல் நவம்பர் 30 அன்று ரெவிஸ் நியூ இங்கிலாந்துக்காக அதே ராட்ஜர்ஸை எதிர்கொண்டார். நெல்சன் அவரைக் கடந்து 45 யார்டு டச் டவுன் அடித்தார். அந்த ஒரு பந்துக்காக ரெவிஸைத் தாழ்த்தும் முன், நெல்சனை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டது யார் என்று நோட்டில் பாருங்கள்.

படி 4: பாஸர் ரேட்டிங்கை அளவோடு நம்புங்கள்

பாஸர் ரேட்டிங் குவார்ட்டர்பேக்கின் எறிதலுக்குப் போடும் மதிப்பெண்; கார்னர்பேக்கின் பக்கம் எறிந்த பந்துகளுக்கு அது எவ்வளவு குறைவோ, அவருக்கு அவ்வளவு நல்லது. எல்லாப் பந்தையும் தரையில் எறிந்தாலே ரேட்டிங் 39.6 வரும். அதற்குக் கீழே போக இன்டர்செப்ஷன் வேண்டும். ஆக இதிலும் பந்தைப் பறிக்கும் கார்னர்பேக்குக்கே சலுகை. கவரேஜ் ஸ்னாப்புக்கு (ரிசீவரை மறித்து ஆடிய ஒவ்வொரு ஸ்னாப்புக்கும்) எத்தனை யார்டு விட்டார் என்பதுதான் என் தேர்வு.

இதையெல்லாம் செய்தபின் என் தீர்ப்பு: ஒரே ஒரு ரிசீவரை நாள் முழுக்க மறிக்க ரெவிஸ், ஒரு பக்கத்தையே ஒப்படைத்துவிட்டு மறக்க ஷெர்மன்.

பிற்சேர்க்கை: படித்த இருவர் சொன்னதைச் சேர்க்கிறேன். ஷெர்மனின் இடது என்பது குவார்ட்டர்பேக்குக்கு வலது, நோட்டில் மாற்றி எழுதிவிடாதீர்கள். அப்புறம், பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் (ரிசீவரைப் பந்தைப் பிடிக்கவிடாமல் விதிமீறித் தடுப்பது) கொடி விழுந்தால் எதிரணிக்கு 30 யார்டு கிடைத்தாலும் அது பாஸ் கணக்கில் ஏறாது. அதற்குத் தனிக் கட்டம் போடுங்கள்.