கேஸ் எப்படி முடியப்போகிறது என்று முதல் வாய்தாவுக்கு முன்பே பேசுங்கள்

"எப்படியாவது கேஸ் முடிஞ்சா போதும் சார்" என்றுதான் வக்கீலிடம் கட்சிக்காரர்கள் வந்து உட்காருகிறார்கள். ஆனால் எப்படி முடிந்தது என்பதுதான் பல வருடத்துக்குக் கூடவே வரும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. தெருச்சண்டை வழக்கில் கல்லூரிப் பையன் கூண்டில் நிற்கிறான், குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று மாஜிஸ்திரேட் கேட்கிறார், பின்னால் நிற்கிற மாமா "ஒத்துக்கடா, ஆயிரம் ரூபாயோட போயிடும்" என்கிறார். போகாது. அபராதம் மட்டும் கட்டினாலும் அது தண்டனைதான், நாளைக்கு அரசு வேலைக்கு எழுதும்போது 'தண்டிக்கப்பட்டதுண்டா' என்ற கேள்விக்கு அவன் ஆம் என்றுதான் எழுத வேண்டும். அவசரத்துக்காக இதை மட்டும் செய்யாதீர்கள்.

அதே வழக்கில் இரண்டு தரப்பும் ராஜியாகிவிட்டால் நல்லது, அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊரில் அடிதடி என்றாலே பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294(பி) (ஆபாசமாகத் திட்டுவது), 323 (காயப்படுத்துவது), 506(1) (மிரட்டுவது) என்று மூன்றையும் சேர்த்துப் போடுவார்கள். காயப்படுத்தியதையும் மிரட்டியதையும் மாஜிஸ்திரேட் முன்னிலையிலேயே ராஜி செய்யலாம், அது விடுதலைக்குச் சமம். ஆபாசமாகத் திட்டியதற்கான 294(பி) ராஜி செய்யக்கூடிய பிரிவுகளில் இல்லை. அந்த ஒரு பிரிவுக்காகவே கேஸ் தொங்கும். அப்போது கூட்டு சமரச மனுவோடு உயர் நீதிமன்றத்தில் குவாஷ், அதாவது வழக்கையே ரத்து செய்யும்படி, கேட்க வேண்டும், தென் மாவட்டங்கள் என்றால் மதுரைக் கிளையில். கொலை, பாலியல் வன்கொடுமை மாதிரியான வழக்குகளில் சமரசத்தைக் காட்டி குவாஷ் வாங்கலாம் என்று எண்ணாதீர்கள்.

குற்றப்பத்திரிகையிலேயே உங்களுக்கு எதிராக ஒன்றும் இல்லையா? விசாரணைக்குப் போகாமலே வழக்கிலிருந்து விடுவிக்கச் சொல்லி டிஸ்சார்ஜ் மனு போடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, மாஜிஸ்திரேட் கோர்ட் வாரண்ட் வழக்குகளில் (இரண்டு வருடத்துக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றங்கள்) குற்றப்பத்திரிகை நகல்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் போட வேண்டும். நகல் வாங்கிய தேதியை அன்றைக்கே குறித்துவையுங்கள்.

விசாரணை முடிந்து விடுதலை என்றால் சந்தோஷம்தான், அதற்காகத் தீர்ப்பைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். சாட்சிகள் பிறழ்ந்துவிட்டதால் (முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னதால்) 'சந்தேகத்தின் பலனை அளித்து' விடுதலை என்று எழுதியிருந்தால், போலீஸ் வேலைக்குத் தேர்வாகும்போது அதையே காரணம் காட்டி நிராகரிக்கலாம். அதனால் பையன் அன்று சம்பவ இடத்திலேயே இல்லை என்றால், சாட்சி பிறழ்ந்துவிட்டார், இனி என்ன என்று உட்கார்ந்துவிடாமல் அதை ஆதாரத்தோடு பதிவாக்கச் சொல்லி உங்கள் வக்கீலிடம் கேளுங்கள், அப்போதுதான் நீதிபதி தீர்ப்பில் எழுத ஏதாவது இருக்கும். சான்றிட்ட நகலுக்கும் உடனே காப்பி அப்ளிகேஷன் போட்டுவிடுங்கள்.

தீர்ப்பு நாளன்று எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும் இரண்டு ஜாமீன்தாரர்களை ஆவணங்களோடு கோர்ட்டுக்கு வரச் சொல்லுங்கள், அபராதப் பணமும் கையில் இருக்கட்டும். ஏற்கெனவே ஜாமீனில் இருப்பவருக்கு மூன்று வருடத்துக்கு மிகாமல் தண்டனை விழுந்தால், அப்பீல் போகும் வரைக்கும் அதே நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து வெளியே விடலாம். மாஜிஸ்திரேட் தீர்ப்பு என்றால் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் போட 30 நாள். மாலை ஐந்து மணிக்குத் தீர்ப்பு வந்து ஜாமீன்தாரர் இல்லாமல் போனால், அன்று இரவு ஜெயில்தான்.